நாற்றிசை ஒலியும் நாகசுர வீதியும்

ஆனித் திங்கள் முழுநிலவை ஒட்டிக் காரைக்காலில் நிகழும் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வருகையில், தெருவின் நடுவே நிற்பவன் செவிக்கு ஒலி ஒரு திசையிலிருந்து மட்டும் வருவதில்லை. நாகசுரம் எதிரே வருகிறது, கடந்து செல்கிறது, பின்னர் முதுகுப்புறம் நின்று ஒலிக்கிறது. தவிலின் அடி எதிர்வீட்டுச் சுவரில் மோதித் திரும்புகிறது. மாடிகளிலிருந்து மாங்கனி வீசுவோரின் ஆரவாரம் தலைக்கு மேலிருந்து இறங்குகிறது. இவ்வூரிற் பிறந்த அம்மையார் திருவாலங்காட்டில் பாடிய பதிகத்திலும் ஒலி இவ்வாறே சூழ்ந்து நிற்கின்றது. தமருகம், மொந்தை, கொக்கரை, துந்துபி எனக் கருவிகளைப் பெயர் சொல்லி அடுக்கும் அப்பாட்டில், ஆடும் இறைவனைச் சுற்றிலும் பேய்கள். கேட்பவரும் அவ்வட்டத்துக்குள்ளேயே இருக்கிறார். மேடைக்கு எதிரே அமர்ந்து கேட்கும் வழக்கம் நம்மிடையே மிகப் பிந்தியது.

வீதியில் எளிதாய்க் கிடைத்த இந்தச் சூழ்ஒலியை வீட்டுக் கூடத்தில், பெட்டியொன்றிலிருந்து பெறுவதற்கு மனிதன் பட்ட பாடு ஒரு நூற்றாண்டு வரலாறு உடையது. அதன் முதல் ஏடு, காரைக்காலை 1739 முதல் ஆண்ட பிரான்சு நாட்டின் தலைநகரில் எழுதப்பட்டது. 1881ஆம் ஆண்டு பாரிசில் நடந்த மின்னியல் பொருட்காட்சியில் கிளெமான் அதேர் என்பார், இசை நாடக அரங்கின் மேடையோரத்தில் ஒலிவாங்கிகளை இடமும் வலமுமாக வைத்து, தொலைபேசிக் கம்பிகள் வழியே அவ்வொலியைக் காட்சி மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். இரு செவிக்கும் இரு குழல்கள். பாடகர் மேடையில் இடம் மாறி நடப்பதைக் கண்ணாற் காணாமலே மக்கள் உணர்ந்தனர். பின்னர் இது 'தேயாத்ரோஃபோன்' என்னும் பெயரில் வணிகமாயிற்று. நாவலாசிரியர் மார்செல் புரூஸ்த் 1911இல் இதற்குச் சந்தா கட்டி, படுக்கையறையிலிருந்தே இசை நாடகங்களைக் கேட்டார்.

இரு செவிகள் திசையறியும் நுட்பம் வியப்புக்குரியது. வலப்புறம் எழும் ஒலி வலச்செவியை முதலில் எட்டுகிறது. இடச்செவியை எட்ட ஒரு நொடியில் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு நேரம் கூடுதலாகிறது. அச்சிறு வேறுபாட்டிலிருந்து மூளை திசையைக் கணித்துக் கொள்கிறது. இங்கிலாந்தின் ஆலன் புளூம்லைன் 1931இல் இரு தட ஒலிப்பதிவுக்கு உரிமம் கோரி விண்ணப்பித்தார். ஓர் இசைத்தட்டுப் பள்ளத்தின் இரு சரிவுகளில் இரு தடங்களைப் பதிக்கும் வழியும் அதில் இருந்தது. அவர் இளமையிலேயே போர்க்கால விமான விபத்தில் இறந்தார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தது 1957-58இல்தான்.

இரண்டு போதாது என்ற எண்ணம் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் எழுந்தது. முன்னே இரண்டு, பின்னே இரண்டு என நான்கு ஒலிபெருக்கிகளை நிறுத்தும் 'குவாட்ரபோனிக்' முறை 1970களின் தொடக்கத்தில் ஆரவாரத்தோடு வந்தது. சி.பி.எஸ். நிறுவனம் 'எஸ்.கியூ.' என்றது; ஜப்பானின் சான்சுய் 'கியூ.எஸ்.' என்றது, ஜே.வி.சி. 'சி.டி.4' என்றது. ஒன்றின் தட்டு மற்றொன்றின் கருவியில் ஒழுங்காக ஒலிக்காது. சி.டி.4 தட்டுக்கோ, செவிக்கு எட்டாத உயர் அதிர்வைப் படிக்கும் தனி ஊசியே வேண்டும். மூன்று கட்சிகளின் பூசலில் வாங்குவோர் சலித்தனர்; அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வணிகம் ஓய்ந்தது.

அவ்வாரவாரத்தினிடையே, செலவே இல்லாத ஒரு வழியை அமெரிக்கர் டேவிட் ஹாஃப்லர் காட்டினார். அவர் கேட்ட கேள்வி எளிது: இருக்கின்ற இரண்டு தடத்துக்குள்ளேயே பின்திசை ஒலி ஒளிந்திருக்கலாகாதா? அரங்கொன்றில் பாடும்போது பாடகரின் குரல் இரு ஒலிவாங்கிகளையும் ஏறக்குறைய ஒன்றுபோல எட்டுகிறது. சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பும் எதிரொலியோ ஒவ்வொன்றையும் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு வடிவில் எட்டுகிறது. ஆகவே இடத்தடத்திலிருந்து வலத்தடத்தைக் கழித்தால் பொதுவானது மறையும், வேறுபட்டது எஞ்சும். எஞ்சுவதே அரங்கின் மூச்சு.

இக்கழித்தலுக்குத் தனிக் கருவி வேண்டியதில்லை. பழைய ஸ்டீரியோ ரிசீவரின் பின்புறம் இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனியே நேர், எதிர் முனைகள் உண்டு. பின்னால் வைக்கும் இரு ஒலிபெருக்கிகளுள் ஒன்றின் நேர்முனையை ரிசீவரின் இட நேர்முனையோடும், மற்றதன் நேர்முனையை வல நேர்முனையோடும் இணைக்க வேண்டும். அவ்விரண்டின் எதிர்முனைகளை ஒன்றோடொன்று பிணைத்து, ரிசீவரில் எங்கும் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும். அவ்வளவே. இரு தடத்திலும் ஒரே ஒலி வருகையில் இரு நேர்முனைகளிலும் மின்னழுத்தம் சமம், சமமான இரண்டிடையே மின்னோட்டம் இல்லை, பின்னறை மௌனம். வேறுபாடு எழும்போது மட்டுமே மின் ஓடும், பின்னறை பேசும். ஒரு வேறுபாட்டையே ஒலியாக்கும் இவ்வெளிமை, பொறியியலில் காணக்கிடைக்கும் கவித்துவங்களுள் ஒன்று என்பது மிகையன்று.

காரைக்காலில் இத்தகைய பெட்டிகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. சிங்கப்பூர், மலேயா, சைகோன் என்று கடல் கடந்த குடும்பங்கள், 1962இல் ஆட்சிமாற்ற உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள், பின்னாளில் வளைகுடா சென்றோர் எனப் பலரும் விடுமுறையில் திரும்புகையில் ஜப்பானியப் பெட்டிகளைச் சுமந்து வந்தனர். அவற்றுள் இன்றும் கூடத்து அலமாரியில் இருக்கும் ரிசீவர்களுக்கு இவ்விணைப்பு பெரும்பாலும் பொருந்தும். இரு எச்சரிக்கைகள் உள. இரு தடத்தின் எதிர்முனைகளும் உள்ளே ஒன்றாய்ப் பிணைந்த பெட்டிக்கே இது ஏற்றது. அவ்வாறு இல்லாத ஆம்ப்ளிஃபயர்களில், குறிப்பாகக் கார்களில் வரும் பலவற்றில், இது பாழ் விளைவிக்கும். மேலும், பின் ஒலிபெருக்கிகள் எட்டு ஓமுக்குக் குறையாதிருத்தல் நன்று. முன்னவற்றைவிட மெலிதாகவும் ஒலிக்க வேண்டும். பின்னொலி தனியே கேட்டால் பிழை. நிறுத்தினால் ஏதோ குறைந்தது போலத் தோன்றினால் சரி.

தமிழ்ப் பாடலை இதில் இட்டால் என்ன நிகழும்? இளையராசா இசையமைத்து 1978இல் வெளிவந்த 'ப்ரியா' படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. இத்தகைய திரைப்பாடல்களில் பாடகர் குரல் வழக்கமாக நட்டநடுவில், அதாவது இரு தடத்திலும் சமமாக வைக்கப்படும். எனவே பின்னறையில் குரல் கரைந்து போகிறது. ஒருபுறமாய் வைத்த வயலின்களும் கிதாரும் குரலைத் தழுவியிருந்த செயற்கை எதிரொலியும் மட்டும் மிதந்து வருகின்றன. சொல் அழிந்து, சொல்லின் நிழல் எஞ்சுகிறது. பாட்டில் சொல்லே தலைமை என்று வாதிடும் கவிஞர்கள் ஒருமுறை பின் ஒலிபெருக்கியருகே அமர்ந்து கேட்கத்தக்கது அது.

இதே கழித்தல் திரையரங்குக்கும் சென்றது. 1986இல் 'மாவீரன்' எழுபது மில்லிமீட்டர் படச்சுருளில் ஆறு தனித்தனிக் காந்தத் தடங்களோடு வந்தது. அது செல்வம் மிகுந்த வழி. 1995இல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவில் வந்தபோது படச்சுருளின் ஓரத்தில் இருந்தவை இரண்டு ஒளித்தடங்களே. அவ்விரண்டின் வேறுபாட்டிலிருந்துதான் அரங்கின் பின்சுவர் ஒலிபெருக்கிகளுக்கான ஒலி பிரித்தெடுக்கப்பட்டது. வணிகத்தில் தோற்ற குவாட்ரபோனிக்கின் கணக்கு, கொட்டகைக்குள் அமைதியாக வென்றது. பின்னர் வந்த எண்முறை ஒலிகள் தடங்களைத் தனித்தனியே சுமந்ததால் அக்கணக்கின் தேவையும் குறைந்தது.

இவ்வளவும் கைவந்தபின், காவிரிக் கரையின் பெருங்கலைக்கு இக்கருவி என்ன செய்யும் என்ற கேள்வி நிற்கிறது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை 1898இல் பிறந்தவர். நீண்ட பாரி நாயனத்தைக் கையாண்டு, தோடியை மணிக்கணக்கில் விரித்தவர். கோயில் வீதியிலும் திருமணப் பந்தலிலும் அவரைக் கேட்டவர்கள் நான்கு திசையிலும் சூழ நின்று கேட்டவர்கள். ஒலியின் நடுவே நின்றவர்கள். ஒலிவாங்கியின் முன்போ அவர் ஒற்றைத் தடத்திலேயே நின்றார். 1956 திசம்பரில் அவர் மறைந்தார். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வர இன்னும் ஓராண்டு இருந்தது. இந்த ஓராண்டை எண்ணி வருந்துவதிலும் பொருள் குறைவே. அப்பொழுதே வந்திருப்பினும் தஞ்சை மாவட்டத்துத் தெருவுக்கு அது வந்துசேரப் பல்லாண்டு ஆகியிருக்கும். அவர் காலத்து நாகசுரத் தட்டுகள் அனைத்தும், பிறரும் பதிந்த அக்காலத்துத் தவில் தனிகளும் அவ்வாறே ஒற்றைத் தடத்தவை.

ஒற்றைத் தடத்தைச் செயற்கையாய் இரண்டாக்கும் முயற்சிகள் நடந்தன. 1960களில் மேலைநாட்டு நிறுவனங்கள் தாழ்ந்த ஒலிகளை ஒருபுறமும் உயர்ந்தவற்றை மறுபுறமும் தள்ளி விற்றன. அவற்றை ஹாஃப்லர் இணைப்பில் இட்டால் பின்னறையில் ஏதோ கேட்கும். ஆனால் அது அரங்கன்று, சாயப்பூச்சு. இன்று கணினி ஒற்றைத் தடத்திலிருந்து நாகசுரத்தையும் தவிலையும் பிரித்தெடுத்து வெவ்வேறு மூலையில் நிறுத்தவல்லது. எந்தத் தெருவில், எந்தச் சுவரில் மோதி அவ்வொலி திரும்பியிருக்கும் என்பதை மட்டும் அது தானே புனைந்துகொள்ள வேண்டியிருக்கிறது. புனைவில் தவறில்லை, அதை ஆவணம் என்று அழைப்பதே தவறு.

ஒற்றைத் தட இசைத்தட்டை ஸ்டீரியோ ஊசியில் ஓட்டும்போது நிகழ்வது வேறொன்று. இசை, பள்ளத்தில் பக்கவாட்டாய் மட்டுமே பதிந்துள்ளது. ஆதலால் இரு தடத்திலும் சமமாகிப் பின்னறையில் மறைகிறது. தூசியும் கீறலும் ஊசியை மேலும் கீழும் தூக்குகின்றன. அவ்வசைவு இரு தடத்திலும் எதிரெதிராய்ப் பதிவதால் கழித்தலில் அழிவதில்லை. முன் ஒலிபெருக்கிகளில் தோடி முழங்குகிறது. பின்னிரண்டில் காதை வைத்தால், எழுபது எண்பது ஆண்டுகளாகத் தட்டின்மேல் படிந்த புழுதியின் ஓசை மட்டும் மெல்லப் பொரிகிறது.