முடிவறியா இழப்பு

முடிவறியா இழப்பு என்பது, ஒருவர் இருக்கிறாரா இறந்துவிட்டாரா என்று உறுதியாகத் தெரியாமல் அவருடைய குடும்பத்தார் படும் துயரைக் குறிக்கும் உளவியல் கருத்து. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் 1970களில் இதை வகுத்தார். வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்ததிலிருந்து பிறந்த கருத்து இது. அவர் இரண்டு வகை சொல்கிறார். ஆள் இல்லை, நினைப்பில் இருக்கிறார் என்பது ஒன்று; கடலில் காணாமற்போனவர் இந்த வகை. ஆள் எதிரிலேயே இருக்கிறார், ஆனால் பழைய ஆள் இல்லை என்பது மற்றொன்று. மறதிநோய் வந்த தகப்பனார் இந்த வகை.

இது நோயின் பெயர் அன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய்ப் பட்டியலில் ‘நீடித்த துயர்க் கோளாறு’ உண்டு. முடிவறியா இழப்பு இல்லை. கோளாறு துயரப்படுகிறவரின் மனத்தில் இல்லை, அவர் மாட்டிக்கொண்ட நிலைமையில் இருக்கிறது என்பதே பாஸின் வாதம்.

தமிழில் இந்தக் கருத்தை விளக்கக் குமரிக் கடற்கரையைவிடப் பொருத்தமான இடம் குறைவு. கல்குளம் வட்டத்து முட்டத்தை வெளியூர்க்காரர்கள் ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981), ‘கடலோரக் கவிதைகள்’ (1986) படங்களின் பாறைகளாகவும் கலங்கரை விளக்கமாகவும் அறிவார்கள். திரையில் அந்தக் கடல் காதலுக்குப் பின்னணி. கரையில் நிற்கும் பெண்களுக்கு அது, போனவர் திரும்ப வேண்டிய வழி.

இந்தக் கரை இரண்டு பேரிழப்புகளைக் கண்டது, இரண்டும் ஒன்றல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் குளச்சல், கொட்டில்பாடு போன்ற ஊர்களில் இறந்தவர்களைக் கூட்டமாகப் புதைக்க நேர்ந்தது. கொடுமைதான். ஆனால் அந்தத் துயருக்குத் தேதி இருந்தது, மண் இருந்தது. ஆண்டுதோறும் மெழுகுவர்த்தி ஏற்ற ஓர் இடம் இருந்தது. 2017 நவம்பர் 30 அன்று குமரிக்கு அருகே கடந்த ஒக்கிப் புயல் வேறு மாதிரி. மீனவர்கள் பலர் அப்போது ஆழ்கடலில் தங்கி மீன்பிடித்துக்கொண்டிருந்தார்கள். முட்டத்துக்கு மேற்கே, தூத்தூர் முதல் நீரோடி வரையிலான ஊர்கள் மிகுதியாக இழந்தன. பலருடைய உடல் கரை சேரவே இல்லை. உடல் இல்லையென்றால் அடக்கம் இல்லை. கத்தோலிக்க வழக்கப்படியான ஏழாம் நாள், முப்பதாம் நாள் பூசைகளை எந்த நாளிலிருந்து எண்ணுவது? நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் ஊரே கல்லறைகளைப் பூவால் மூடும்போது இந்தக் குடும்பங்கள் எங்கே போய் நிற்பது?

சட்டமும் இந்தத் தெளிவின்மையை நீட்டிக்கிறது. ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 108ஆம் பிரிவு. அதற்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 111ஆம் பிரிவு. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இன்னும் கறாரானது. மறுமணத்துக்கு ஆயரின் அறிவிப்பு வேண்டும். துணைவர் நெடுநாள் வரவில்லை என்பது மட்டும் அதற்குப் போதாது (எண் 1707). இலங்கை வேறொரு வழி கண்டது. இறந்தார் என்று சொல்லாமல், காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்கு 2016இல் சட்டம் இயற்றியது. ஆனாலும் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அவர்கள் கேட்டது காகிதத்தை அல்ல, பதிலை.

தன்னம்பிக்கை மேடைகளில் உணர்வு முதிர்ச்சிக்குச் சொல்லப்படும் வழக்கமான இலக்கணம், ‘ஏற்றுக்கொள், விட்டுவிடு, அடுத்ததைப் பார்’. இங்கே அது உதவாது; சில வேளை காயப்படுத்தும். கணவன் இறந்தான் என்று ஏற்றுக்கொள்வது அவனைக் கைவிடுவதுபோல மனைவிக்குத் தோன்றும். துயருக்கு ‘முற்றுப்புள்ளி’ என்பதே கட்டுக்கதை என்று 2021இல் பாஸ் ஒரு நூலே எழுதினார். அவர் முதிர்ச்சியாகக் காண்பது, முரண்பட்ட இரண்டு நினைப்புகளை ஒரே மனத்தில் வைத்துக்கொண்டு வாழும் திறனை: ‘அவர் வரமாட்டார், வந்தாலும் வரலாம். நான் காத்திருக்கிறேன், பிள்ளைகளின் பள்ளிக்கட்டணத்தையும் கட்டுகிறேன்.’ தேடல் முடிந்துவிட்டால் நல்லது என்று ஒரு கணம் நினைத்துவிட்டு, அப்படி நினைத்ததற்காகக் குற்றவுணர்வில் புழுங்குவதும் இயல்பே என்று எடுத்துச் சொல்வது ஆற்றுப்படுத்துபவரின் முதல் வேலை.

ஒரே வீட்டில் எல்லாரும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. மாமியார் மகனுக்குச் சோறு எடுத்துவைப்பார். மருமகள் இறப்புச் சான்றிதழுக்கு அலைவார். இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது ஆலோசகரின் வேலையல்ல; ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ள வைப்பதே வேலை. இதைத் தனியறையில் ஒருவரை உட்காரவைத்துச் செய்வதைவிட, அதே நிலையிலுள்ள பல குடும்பங்களைச் சேர்த்துச் செய்வதே மேல் என்பது பாஸின் முறை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் நியூயார்க்கில் தொழிற்சங்கக் குடும்பங்களோடு அவர் அப்படித்தான் பணியாற்றினார். குமரிக் கடற்கரையில் அதற்கான கூடம் ஏற்கெனவே இருக்கிறது: கத்தோலிக்கப் பங்கின் அன்பியக் கூட்டம், அதாவது அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்து கூடும் சிறு குழு. ஆழிப்பேரலைக்குப் பின் பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ், உள்ளூர்த் தொண்டர்களுக்கு ஆற்றுப்படுத்தும் பயிற்சி அளித்ததும் இதே போன்ற எண்ணத்தில்தான்.

துயர் தூக்கத்தையும் சாப்பாட்டையும் குலைத்து, வேலை செய்யவும் முடியாமல் ஆக்கினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் மனநலத் தொலைபேசி எண் 14416; இரவும் பகலும், தமிழிலேயே பேசலாம்.