மோர்பாத்: ஆட்டுக் கணக்குக்குள்ள ஒரு கலகம்

இன்னிக்கு எபிசோட் ஒரு கணக்கு நோட்டைப் பத்தி. கணக்கான்னு உடனே ஸ்கிப் பண்ணிடாதீங்க, உள்ளே ஒரு ராஜதுரோகம் இருக்கு.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் பகுதி. அங்கே எக்ஸ்மூர் மேட்டு நிலத்தோட தெற்கு ஓரத்தில் மோர்பாத்னு ஒரு சின்ன ஊர். 16ஆம் நூற்றாண்டில் மொத்தமே 33 குடும்பம்தான். 1520இல் சர் கிறிஸ்டோபர் ட்ரிக்கி அங்கே பங்குச் சாமியாரா வர்றார். (அந்த 'சர்' அரசர் கொடுத்த பட்டம் இல்லை. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத சாமியார்களை அப்போ அப்படிக் கூப்பிடுவாங்க.) 1574இல் சாகிற வரைக்கும், 54 வருஷம், அவர் அதே ஊர்ல, அதே கோயில்லதான் இருந்தார். கோயில் கணக்கையும் அவரே தன் கையால எழுதினார்.

எழுதி பெட்டியில பூட்டி வைக்கிற கணக்கு இல்லை இது. ஊரைக் கூட்டி வச்சு சத்தமா வாசிச்சுக் காட்டுவார். காதுக்காக எழுதின கணக்கு! ஒரு வகையில நம்ம ஆளு.

கோயில் வருமானத்துக்கு அவங்க வச்சிருந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒவ்வொரு புனிதருக்கும் தனியா ஒரு நிதி. மாதாவுக்கு ஒண்ணு, ஊர்க் கோயிலின் புனிதர் ஜார்ஜுக்கு ஒண்ணு, ட்ரிக்கிக்கு ரொம்ப இஷ்டமான எக்ஸிடர் நகரப் புனிதை சிட்வெல்லுக்கு ஒண்ணு. இளைஞர்களுக்கும் கல்யாணம் ஆகாத பெண்களுக்கும்கூட தனித்தனி நிதி இருந்தது. கோயில் ஆடுகளைக் கிராமத்து வீடுகளுக்குப் பிரிச்சுக் கொடுத்திருப்பாங்க. அந்தந்த வீட்டுக்காரர் மேய்க்கணும், கம்பளி வித்த காசு சுரூபத்துக்கு முன்னாடி எரியிற விளக்குக்குப் போகும். ஆடு செத்துப் போனாலும் அது கணக்கில் ஏறும். இதோட பீர் காய்ச்சி வித்து நடத்துற விருந்தும் உண்டு. அதில் வந்த லாபமும் கோயிலுக்குத்தான்.

அப்புறம் லண்டன்ல இருந்து உத்தரவுகள் வர ஆரம்பிக்குது. எட்டாம் ஹென்றி போப்போட உறவை முறிக்கிறார். 1538இல் சுரூபங்களுக்கு முன்னாடி விளக்கு எரிக்கத் தடை. 1547இல் ஹென்றி செத்து, 9 வயசுப் பையன் எட்வர்ட் அரசனாகிறான். இப்போ சுரூபமே கூடாதுன்னு உத்தரவு. ஆடுகள் போச்சு, விருந்து போச்சு, நிதிகள் எல்லாம் போச்சு. இறந்தவர்களுக்கான பூசையில் போடுற கறுப்புத் திருவுடை வாங்க ட்ரிக்கி சுமார் 20 வருஷமா கொஞ்சம் கொஞ்சமா காசு சேர்த்தார். உடை கடைசியில் வந்து சேர்ந்தது 1547இல். சில வருஷத்துக்குள்ள அந்தப் பூசைக்கே இடமில்லாமப் போச்சு. இந்த ஒரு விஷயத்துல நான் ரொம்ப நேரம் நின்னுட்டேன்.

1549. புது ஆங்கில ஜெப நூலை எதிர்த்து டெவனும் கார்ன்வாலும் கிளம்புது. கலகக்காரர்கள் எக்ஸிடர் நகரத்தை 5 வாரம் முற்றுகை இடுறாங்க. மோர்பாத் கணக்கில், மற்ற செலவுகளோட செலவா, ஊரோட 5 இளைஞர்களை ஆயுதமும் வழிச்செலவும் கொடுத்து முகாமுக்கு அனுப்பின பதிவு இருக்கு. அது அரசாங்கப் படை முகாம் இல்லை, எக்ஸிடர் வாசலில் இருந்த கலகக்காரர் முகாம்னு வரலாற்றாசிரியர் ஈமன் டஃபி வாதிடுறார். இந்தக் கணக்கு 1904லயே அச்சாகி வந்தது. ஆனா அந்த வரிக்குள்ள இருந்த வெடி டஃபி படிக்கிற வரைக்கும் வெடிக்கல.

கலகம் அடக்கப்பட்டது, ஆயிரக்கணக்கில் செத்தாங்க. எக்ஸிடருக்குப் பக்கத்துல ஒரு பங்குச் சாமியாரைத் திருவுடையோட அவர் கோயில் கோபுரத்திலேயே தூக்குல தொங்கவிட்டாங்க. தலை போகிற விஷயத்தை ட்ரிக்கி ஏன் எழுதி வச்சார்? என் கணிப்பு: செலவானது ஊர்க் காசு, அதுக்கு ஊருக்குக் கணக்குச் சொல்லியே ஆகணும்.

1553இல் மேரி ராணி ஆகி பழைய மதம் திரும்புது. அதுவரை வீடுகள்ல ஒளிச்சு வச்ச கோயில் பொருட்களை ஜனங்க திருப்பிக் கொண்டு வர்றாங்க. யார் எதைக் கொண்டு வந்தாங்கன்னு சந்தோஷமா எழுதுறார் ட்ரிக்கி. 1558இல் மேரி செத்து, எலிசபெத் வந்ததும் எல்லாம் மறுபடி தலைகீழ்.

நாலு ஆட்சி, ஒரே சாமியார். சந்தர்ப்பவாதின்னு சொல்றது சுலபம். எனக்கு அப்படித் தோணல. கொள்கைக்காக அவர் ஊரை விட்டுப் போயிருந்தா, அந்த 33 குடும்பத்துக்கு முன்பின் தெரியாத ஒருத்தர் வந்திருப்பார். எலிசபெத் காலத்துல புது முறைப்படி வழிபாடு நடத்திக்கிட்டே, கூரைக்கு எவ்வளவு, மணிக்கயிறுக்கு எவ்வளவுன்னு அதே கையெழுத்துல எழுதிக்கிட்டுப் போறார்.