குடிக்கூலியும் நிழல்கூலியும்

நம் இலக்கிய சரித்திரங்களில் வீட்டு வாடகை என்ற விஷயம் வருவதில்லை. கவிஞன் எந்த ஊரில் பிறந்தான், எந்த மன்னன் நிலம் கொடுத்தான், எந்த மடத்தில் தங்கினான் என்பதெல்லாம் வரும். மாதம் பிறந்தால் யாருக்கு எவ்வளவு கொடுத்தான் என்பது வராது. இதை வெறும் தகவல் குறையாக நான் நினைக்கவில்லை. எழுதுகிறவனுக்குக் கூரை கிடைக்கும் விதம் மாறியபோது எழுத்தும் மாறியிருக்கிறது. இதைப் பார்க்க மறுப்பவர்கள், நவீன இலக்கியம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதையும் பார்க்க மறுக்கிறார்கள்.

என் ஊர் ஏலாக்குறிச்சி, அங்கிருந்தே தொடங்குகிறேன். கொள்ளிடத்தின் வடகரை. 1680ல் இத்தாலியில் பிறந்து, முப்பது வயதை ஒட்டித் தமிழ்நாட்டுக்கு வந்த பெஸ்கி என்னும் வீரமாமுனிவர், எங்கள் ஊரைத் திருக்காவலூர் ஆக்கினார். அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார், கலம்பகம் பாடினார். அரியலூர் மழவராயருக்கு நோய் தீர்த்ததற்காக நிலம் கிடைத்தது என்பது கோயில் மரபு. மரபைச் சரித்திரமாக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. அதன் வடிவத்தைத்தான் கவனிக்கிறேன். பரதேசி ஒருவன் வருகிறான், பாளையக்காரர் மனம் குளிர்கிறார், நிலம் கைமாறுகிறது. கம்பனையும் சடையப்ப வள்ளலையும் பற்றிச் சொல்லும் கதைகளின் வடிவமும் இதுதான். 'அடைக்கலம்' என்ற சொல்லே கணக்குப் புத்தகத்தில் ஏறாது. அது எல்லோருக்கும் ஒரே அடைக்கலமாக இருந்ததா என்பது வேறு கேள்வி. மதுரை மிஷன் தன் பாதிரிமார்களையே பிராமண சந்நியாசிகள், பண்டார சுவாமிகள் என்று இரு வகையாக்கி, ஜாதி பார்த்துப் பழகவிட்ட காலம் அது.

தேம்பாவணி ஒரு காப்பியமாக எனக்கு முழுத் திருப்தி தருவதில்லை. அதில் உழைப்பு தெரிகிற அளவுக்கு மனிதர்கள் தெரிவதில்லை. பரமார்த்த குரு கதையில்தான் பெஸ்கி நம் தெருவுக்கு இறங்கி வருகிறார். குருவுக்காக ஒரு மாட்டை வாடகைக்குப் பேசுகிறார்கள். வெயில் தாங்காமல் குரு அந்த மாட்டின் நிழலில் ஒதுங்குகிறார். மாட்டுக்காரன் நிழலுக்குத் தனியாகக் கூலி கேட்கிறான். கழுதையின் நிழலுக்காக நடந்த வழக்காக இது கிரேக்கர்களிடமும் உண்டு. டெமாஸ்தனிஸ் சொன்னதாகச் சொல்வார்கள். ஆனால் தமிழில் படிக்கும்போது இது இறக்குமதிச் சரக்காகத் தோன்றுவதில்லை. தானமாக வந்த நிலத்தில் வாழ்ந்த ஒரு துறவிக்கு வாடகையின் மனோபாவம் இவ்வளவு துல்லியமாகப் பிடிபட்டது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

வீட்டுக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பழைய சொல் குடிக்கூலி. குடி என்றால் வீடு, குடும்பம், ஆளப்படுகிறவன் எல்லாம்தான். நிலத்தில் மேல்வாரம் ஒருவனுக்கு, குடிவாரம் இன்னொருவனுக்கு. அங்கே பங்கு கேட்க ஓர் உரிமை உண்டு, பாத்தியதை உண்டு. குடிக்கூலி கொடுப்பவனுக்கு அந்த மாதத்தைத் தவிர வேறு பாத்தியதை இல்லை. 'வாடகை' என்ற சொல் வந்து 'குடி'யை உதிர்த்துவிட்டது. சைக்கிளுக்கும் பந்தலுக்கும் வீட்டுக்கும் ஒரே சொல்லாகிவிட்டது.

இந்தக் குடிக்கூலிக் காலத்தின் முதல் பெரிய கவிஞன் பாரதி. 1908ல் புதுச்சேரி போய்ப் பத்து வருஷம் இருந்தான். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் வாடகை வீடு. வீட்டுக்காரரை 'விளக்கெண்ணெய்ச் செட்டியார்' என்பார்கள். அவர் வாடகைக்கு வருவார், உட்கார்ந்து பாட்டைக் கேட்பார், கேட்காமலே போய்விடுவார் என்று வ.ரா. எழுதி வைத்திருக்கிறார். பாரதி பக்தர்கள் இதைச் செட்டியாரின் தாராளமாகப் படிக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. வள்ளல் மறைந்து வீட்டுக்காரன் வந்துவிட்டான். வள்ளலைப் பாடினால் போதும். வீட்டுக்காரன் வாசலில் நின்றால் அந்தச் சங்கடத்தை யாரும் பாட்டாக்க முடியாது. அதற்கு உரைநடை வேண்டியிருந்தது. கந்தசாமிப் பிள்ளை கடவுளையே திருவல்லிக்கேணிக்குக் கூட்டிப்போகிறாரே, அந்த வீடும், அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் குழாயடிக்கு ஓடுகிற ஒண்டுக்குடித்தனங்களும் அந்த உரைநடையின் சொந்த வீடுகள்.

ஆபீசுக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு குடியேறத் தவிக்கும் குமாஸ்தாவுக்கு நான் காட்டக்கூடிய உதாரணம் கவிஞன் அல்ல. 1912 பிப்ரவரியில் மதராஸ் துறைமுகத்துக்கு வேலை கேட்டு மனுப் போட்டவர் கொடுத்திருந்த விலாசம் திருவல்லிக்கேணி, சம்மர் ஹவுஸ், 7ம் எண். கும்பகோணத்துக்காரர், கணிதமேதை ராமானுஜன் என்று பின்னால் சொன்னோம். மார்ச் 1ந் தேதி கணக்குப் பிரிவில் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். ஜாகையை ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவுக்கு மாற்றினார், துறைமுகம் பக்கம். அம்மாவும் மனைவி ஜானகியும் வந்து சேர்ந்தார்கள். 1913 ஜனவரியில் ஹார்டிக்குப் போன கடிதத்தில் தன்னைத் துறைமுகக் குமாஸ்தா, வருஷத்துக்கு 20 பவுன் சம்பளக்காரன் என்றுதான் அறிமுகம் செய்துகொள்கிறார். மே மாதத்திலிருந்து பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்ததும் செய்த காரியங்களில் ஒன்று, திருவல்லிக்கேணிக்குத் திரும்பியது. அனுமந்தராயன் கோயில் தெரு. பிரஸிடென்ஸி கல்லூரி பக்கம் என்று ஒரு காரணம் சொல்லலாம். பார்த்தசாரதி கோயில், தெரிந்த முகங்கள், 'நீங்கள் யார்' என்று யாரும் கேட்கத் தேவையில்லாத தெரு என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் கனமானது என்பது என் ஊகம்.

அந்தக் கேள்விக்குச் சட்டம் இன்றுவரை வரவில்லை. வாடகைத் தொகைக்கு வந்தது. யுத்தகாலப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1941ல் மதராஸில் வாடகைக் கட்டுப்பாடு தொடங்கி, 1946, 1949 சட்டங்களைத் தாண்டி 1960ம் வருஷத்துச் சட்டமாக நிலைத்தது. நியாய வாடகை, 1973 திருத்தத்துக்குப்பின், கட்டிடத்தின் மொத்த மதிப்பில் வருஷத்துக்கு 9 சதவீதம், கடைக்கு 12. வீடு காலியானால் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட வீட்டுக்குப் பாதுகாப்பு இல்லை என்ற பிரிவை 1986ல் உச்ச நீதிமன்றம் அடித்தது. பிறகு வாடகை உறைந்தது, வழக்குகள் தலைமுறை தாண்டின, வீட்டைப் பூட்டிவைப்பதே மேல் என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். 2017ல் புதுச் சட்டம், 2019 பிப்ரவரியில் அமல். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிய வேண்டும். ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகை. அந்த 'விட்டால்' என்ற சொல்லில் சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் சௌகரியமாகக் குடியிருக்கிறது.

அரியலூர் 2007 நவம்பரில் மறுபடி மாவட்டத் தலைநகரானபின் அங்கும் சிமெண்ட் ஆலையும் கலெக்டர் ஆபீசும் சேர்ந்து வெளியூர்க் குடும்பங்களைக் கொண்டுவந்தன. நான் எதிர்த்திசையில், மாற்றல் உத்தரவோடு சென்னைக்குப் போனேன். பாங்கிலிருந்து நடக்கும் தூரத்தில் இரண்டு அறை, மனைவி, பள்ளிக்கூடம் போகும் பெண், பையிலே முன்பணம். ஒரு வீட்டில் பேச்சு எல்லாம் முடிந்து, சாவி மேஜைமேல் இருந்தது. வீட்டுக்காரர் கேட்டார்: "அசைவம் சமைப்பீங்களா?" ஞாயிற்றுக்கிழமைகளில் என்றேன். சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு என்று அடுத்த கேள்விகள். எந்தத் தெரு என்பதற்கு நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் போன் செய்து, தங்கள் உறவுக்காரர் ஒருவர் வருவதாகச் சொன்னார். பெரம்பூரைத் தாண்டி வீடு கிடைத்தது; பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்த பஸ்ஸில் யோசித்தது.

பெஸ்கியின் கதையில் நிழல் வழக்கைத் தீர்க்கிறவன் தன் பங்குக்கு ஒரு கதை சொல்வான்: கறியின் மணத்துக்கு ஒருவன் காசு கேட்ட கதை. அங்கே மணத்துக்கு விலை உண்டா என்பதுதான் வழக்கு. இன்று விலை கொடுக்கத் தயாராக நிற்பவனிடம், அவன் வீட்டு மணமே வேண்டாம் என்கிறார்கள். 2017 சட்டத்தில் வாடகை நிலுவைக்கும் காலி செய்வதற்கும் பிரிவுகள் இருக்கின்றன. இதற்குப் பிரிவு இல்லை. 2005ல் உச்ச நீதிமன்றம், ஆமதாபாத் பார்சிக் கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஒன்று தன் சமூகத்துக்குள் மட்டுமே வீடு கைமாற வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளலாம் எனத் தீர்ப்பளித்தது. அது சங்கத்துக்குச் சொன்ன தீர்ப்பு. தனி வீட்டுக்காரருக்குத் தீர்ப்பும் தேவைப்படுவதில்லை. ஒரு உறவுக்காரர் வந்தால் போதும்.