சங்கிலியும் அளவுகோலும்

ஆரணியாற்றங்கரை வயலாயினும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையாயினும், மண்ணுக்கு எல்லை வகுப்பது மந்திரமன்று, அளவு! தென்னாட்டு மண்ணை முக்கோணக் கணக்கால் அளக்கப் புகுந்த பட்டாளத்துக்காரர் ஒருவரின் வரலாறு இது.

வில்லியம் லாம்டன், இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எளிய குடியில் பிறந்தவர். அமெரிக்க விடுதலைப் போரில், 1781-இல் யார்க்டவுனில் சிறைப்பட்டவர்.

1799, சீரங்கப்பட்டணப் போர். இருளில் வழிதவறிய ஆங்கிலப் படையொன்று திப்புவின் படை இருந்த பக்கமே நடந்தது. லாம்டன் வானை நோக்கினார். விண்மீன்களின் நிலை கண்டு, "திசை தவறு" என்றார். படை தப்பியது. அதே விண்மீன்களைப் பார்த்து நாம் கணித்ததென்ன? ராசியும் பலனும்!

1802 ஏப்ரல் 10. பறங்கிமலையருகே 100 அடி எஃகுச் சங்கிலியை 400 முறை கிடத்தி, ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன்மேல் முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளந்தார். குன்றில்லாத சோழநாட்டில் கோபுரங்களே அளவுமேடைகளாயின. 1808-இல் தஞ்சைக் கோயிலின் மேலேற்றிய அரை டன் கோணமானி, கயிறறுந்து சிதைந்தது. பரிகாரம் தேடினாரா? இல்லை. வாரக்கணக்கில் உழைத்துத் தம் கையாலேயே செப்பனிட்டார்.

1823-இல் ஹிங்கன்காட்டில், பணியிடையே மறைந்தார். அவர் தொடங்கிய அளவைப்பணியே பின்னர் இமயத்தின் உயரத்தையும் கணித்தது.

ஆயினும் மயங்கற்க! அந்த அளவு கும்பெனி ஆட்சிக்கு ஊன்றுகோலாயிற்று. கருவி சுமந்த நம்மவர் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்?

இளைஞனே! ஆதிக்கத்தை வெறு; அறிவை வெறுக்காதே. அறியாதவன் காலில் சங்கிலி விலங்கு; அறிந்தவன் கையில் அதுவே அளவுகோல்!