உடையை மாற்றினால் மட்டும் போதுமா? பொம்மைகளும் நம் குழந்தைகளும்

பெண் குழந்தைக்குப் பரிசு என்றதும் நம்மில் பலர் கடையில் தேடுவது ஒல்லியான இடையும் நீண்ட கூந்தலும் கொண்ட பொம்மையைத்தான். அழகு எது, பெண் என்பவள் யார் என்பதையும் அந்தப் பொம்மை சேர்த்தே சொல்லிக் கொடுக்கிறது என்பதை நாம் யோசிப்பதில்லை.

பார்பி வந்த வழி

1959-ல் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் மேட்டல் நிறுவனம் பார்பியை அறிமுகப்படுத்தியது. கைக்குழந்தை பொம்மையை வைத்து அம்மாவாக மட்டுமே விளையாடிய சிறுமிகள், தங்கள் எதிர்காலத்தையும் கற்பனை செய்யட்டும் என்பதே அதை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லரின் எண்ணம். ஆனால் 1965-ல் வந்த ஒரு பார்பியுடன், 110 பவுண்டு காட்டும் எடைக் கருவியும் எடையைக் குறைக்கச் சொல்லும் குட்டிப் புத்தகமும் இருந்தன. அந்தப் புத்தகம் காட்டிய வழி, சாப்பிடாமல் இருப்பது!

ஆய்வுகள் சொல்வது என்ன?

2006-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், 5 முதல் 8 வயதுச் சிறுமிகளுக்குப் படக்கதைகள் காட்டப்பட்டன. பார்பி படங்களைப் பார்த்தவர்களுக்குத் தங்கள் உடல் மீதான திருப்தி குறைந்தது. இன்னும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை கூடியது.

2014-ல் அமெரிக்காவில் வெளியான இன்னொரு ஆய்வில் பங்கேற்றவர்கள் 37 சிறுமிகள் மட்டுமே. பார்பியுடன் சில நிமிடங்கள் விளையாடியவர்கள், தங்களைவிட ஆண்பிள்ளைகளால் அதிக வேலைகளைச் செய்ய முடியும் என்றனர். பொம்மைக்கு டாக்டர் உடை அணிவித்தும் இந்தப் பதில் மாறவில்லை.

ஃபுல்லா தீர்வாகுமா?

2003-ல் அரபு நாடுகளில் ஃபுல்லா என்ற பொம்மை வந்தது. அபாயா, தலைமறைப்பு, தொழுகை விரிப்பு எனப் பல முஸ்லிம் குடும்பங்களின் விருப்பத்துக்கு ஏற்றதாக இருந்ததால் நன்றாக விற்பனையானது. குழந்தைக்குத் தன் தாயைப் போல் உடுத்திய பொம்மை கிடைத்தது நல்ல விஷயமே. ஆனால் அபாயாவுக்குள் இருப்பது ஏறக்குறைய அதே பார்பி உடல்தான். உடை மாறினாலும் உடல் பற்றிய பாடம் மாறவில்லை.

மேட்டல் நிறுவனமே 2016-ல் உயரமான, குட்டையான, சற்றுப் பருமனான பார்பிகளைக் கொண்டு வந்தது.

நாம் செய்ய வேண்டியது

பொம்மை விளையாட்டைத் தடுக்க வேண்டியதில்லை. பலவித உடலமைப்பும் நிறமும் கொண்ட பொம்மைகளைத் தேர்ந்தெடுப்போம். கட்டுமானக் கட்டைகள், புதிர்கள், மருத்துவப் பெட்டி ஆகியவற்றை மகன், மகள் இருவருக்கும் வாங்கித் தருவோம். எல்லாவற்றுக்கும் மேலாக, "குண்டாயிட்டே", "கறுத்துட்டே" என்று பிள்ளைகள் காதில் விழப் பேசுவதை நிறுத்துவோம். பொம்மையைவிட நம் வார்த்தையைத்தான் அவர்கள் அதிகம் நம்புகிறார்கள்.