சஷிகோ: குளிருக்கு எதிராக ஒரு தையல்

ஊசி பிடிக்கப் புதிதாய்க் கற்பவருக்கு, ஜப்பானின் சஷிகோ மிக எளிதாகத் தோன்றும். இருப்பது ஓட்டுத்தையல் ஒன்றே. 'சிறு குத்துகள்' என்பதே அச்சொல்லின் பொருள். நீண்ட ஊசியை அசையாமல் பிடித்து, துணியை மடிப்பு மடிப்பாக அதன்மேல் ஏற்ற வேண்டும். உள்ளங்கையில் அணிந்த தோல்வளையம் ஊசியின் பின்முனையைத் தள்ளும். வரிசை முடிந்ததும் விரல்களால் துணியை நீவி நூலைத் தளர்த்துவது அவசியம். நீவ மறந்த என் முதல் துணி, பொரித்த அப்பளம் போலச் சுருண்டுகொண்டது.

இத்தனை நெருக்கமாகத் தைக்கும் தேவை யாருக்கு, ஏன் வந்தது? விடை, ஹோன்ஷூ தீவின் வடகோடியில் இருக்கிறது. இன்றைய அவோமோரி மாகாணத்தின் மேற்குப் பகுதியான த்சுகருவில், குளிரின் கடுமையால் பருத்தி விளைவதில்லை. உழவர் உடுத்தியது 'அசா' எனப்படும் சணல்வகை நார்த்துணி. கோடைக்கு இதமான அதன் இடைவெளிகளே பனிக்காலத்தில் பகையாயின. போதாக்குறைக்கு, 1724இல் த்சுகரு சிற்றரசு பிறப்பித்த சிக்கன ஆணை உழவர்க்குப் பருத்தி ஆடையை மறுத்தது.

ஆகவே பெண்கள் தைத்தனர். இழைகளுக்கிடையே நூலைச் செலுத்திக் காற்றை அடைத்தனர். சுமைக்கயிறு உராயும் தோள்களை உரமாக்கினர். பின்னாளில் தெற்கிலிருந்து பருத்தி நூல் வந்து சேர்ந்தபோது, அவுரி நீலத்தின்மேல் வெண்ணிறக் கோலங்கள் பிறந்தன. ஆடையாக மறுக்கப்பட்ட பருத்தி, தையலாக நுழைந்துவிட்டது!

(இங்கே நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதே எதோ காலத்தில் ஜப்பானிய நகரவாசிகள் விரும்பிய கோடிட்ட பருத்தித் துணி ஒன்றின் பெயர் 'சன்தொமே'. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணி. பெயர் நம் மயிலாப்பூர் சாந்தோமிலிருந்து வந்தது.)

சஷிகோவின் இந்த த்சுகரு கிளைக்குக் 'கோகின்' என்று பெயர். பாவு நூல்களை 1, 3, 5, 7 என ஒற்றைப்படையில் எண்ணித் தைப்பது இதன் இலக்கணம். அண்டைப் பகுதியான நன்புவின் 'ஹிஷிசஷி'யிலோ எண்ணிக்கை இரட்டைப்படை. அதனால்தான் கோகினின் சாய்சதுரம் நெடுக்காக நிமிர்கிறது. நன்புவினது கிடையாகப் படுக்கிறது. கோலங்களின் பெயர்களெல்லாம் பூனைக்கண், சிறுபயறு, சுரைக்காய் என வீட்டையும் வயலையும் சுற்றியே அமைந்தவை. 1788இல் ஹிரானோ சதஹிகோ என்ற சாமுராய், இப்பகுதி மக்களின் வாழ்வைத் தீட்டிய 'ஓமின் ஸூயி' ஏட்டில் இவ்வாடையையும் வரைந்து அதன் வேலைப்பாட்டை வியந்திருக்கிறார். அணியத் தடை விதித்த வர்க்கத்தைச் சேர்ந்தவரின் வியப்பு அது என்பதை மறக்க இயலவில்லை.

1891இல் டோக்கியோவின் உஎனோவிலிருந்து அவோமோரி வரை ரயில் பாதை முழுமை பெற்றது. மலிவான பருத்தித் துணி வந்திறங்கியது. கோகின் விரைவில் கைவிடப்பட்டது. நாட்டார் கைவினைகளின் அழகை உலகறியச் செய்த யனாகி சோஎத்சு 1932இல் இதைப் போற்றி எழுதியபோது, அது ஏறத்தாழ மறைந்துபோன கலை. அவருடைய புகழ்ச்சியே அதன் மீட்சிக்கு வழிகோலியது என்பது உண்மை. ஆயினும் ஒரு கலை அழிந்ததே என்று வருந்துவோருடன் முழுமையாகச் சேர்ந்துகொள்ள என்னால் முடியவில்லை. சணலை உடுத்திப் பனியில் நடந்தவளுக்கு, ரயிலில் வந்த பருத்தி எப்படியிருந்திருக்கும்? அவள் ஊசியைக் கீழே வைத்ததில் பிழையேதும் இல்லை.

இன்று தொடக்கநிலையினருக்கென, நீரில் கரையும் மையால் கோலம் அச்சிட்ட சஷிகோ துணிகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. கோட்டின் மேலேயே தைத்து, அலசினால் போதும். எண்ணித் தைக்கும் கோகினில் அந்தச் சலுகை இல்லை. பன்னிரண்டாம் வரிசையில் ஓர் இழை பிசகியதை இருபதாம் வரிசையில்தான் கண்டேன். எட்டு வரிசைகளையும் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.