மோடத்தின் முதுகில் ஒரு சுவிட்ச்

காஞ்சிபுரத்துக்கு வெளியூரிலிருந்து போன் போட ஒருகாலத்தில் 04112 என்று தொடங்க வேண்டும். பிறகு சென்னையின் 044 காஞ்சிக்கும் வந்தது. பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தெருவானாலும் சன்னதித் தெருவானாலும், வீட்டுக்குள் நுழைந்த செம்புக் கம்பிக்குப் பேச்சைச் சுமப்பது ஒன்றே வேலை.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தது. முதலில் சேவை பெற்ற நகரங்களில் சென்னையும் ஒன்று. டயல்-அப் காலத்தில் லைன் அறுந்தால் மறுபடி டயல் செய்வார்கள், அவ்வளவுதான்.

மோடத்தின் சுவிட்சை அணைத்துப் போடும் பழக்கம் பிராட்பேண்டோடு வந்தது. 2004ஆம் ஆண்டு அரசுக் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' சேவையைத் தொடங்கியது. ஒரே கம்பியில் 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே பேச்சு, அதற்கு வெகு மேலே தரவு. இரண்டையும் பிரிக்க ஒரு ஸ்ப்ளிட்டர். இணைப்பு இப்போது நாள் முழுவதும் நீடித்தது. மழைநீர் கம்பி மூட்டில் இறங்கினால் மோடமும் எக்ஸ்சேஞ்சும் ஒன்றையொன்று தவறவிடும். பழைய இணைப்பு உயிரோடிருப்பதாகவே மறுமுனை நினைத்துக்கொண்டிருப்பதும் உண்டு.

மோடத்தின் பின்புறச் சுவிட்சை அணைத்து, சற்றுப் பொறுத்துப் போட்டால் சரியாகிவிடும். அந்தப் பொறுமைக்குக் காரணம் உண்டு: மோடத்தில் தேங்கிய மின்சாரம் வடிய வேண்டும், பழைய இணைப்பை மறுமுனை கைவிட வேண்டும். பிறகு இரு முனைகளும் வேகத்தைப் புதிதாகப் பேசி முடிக்கும்வரை டி.எஸ்.எல். விளக்கு சிமிட்டும், முடிந்ததும் நிலைத்து எரியும்.

பக்கத்திலிருந்த ஊசித்துளை வேறு கதை. அதற்குள் குண்டூசியை விட்டுச் சில நொடிகள் அழுத்தினால் பயனர் பெயர், கடவுச்சொல், இணைப்பின் பாதையைக் குறிக்கும் 0, 35 என்ற இரண்டு எண்கள் எல்லாம் அழிந்துபோகும். திரும்ப நிரப்பத் தெரிந்தவர் வரும்வரை வீட்டில் இணையம் கிடையாது.

இன்று செம்பின் இடத்தைக் கண்ணாடி இழை பிடித்துவருகிறது. ஸ்ப்ளிட்டர் போய்விட்டது, சுவிட்ச் போகவில்லை. ஆனால் புதிய பெட்டியில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் பெரும்பாலும் வழியில் எங்கோ இழை அறுந்திருக்கிறது. எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. ஊழியர் வந்து இரு கண்ணாடி முனைகளையும் உருக்கி ஒட்ட வேண்டும். தறியில் பாவு தீர்ந்ததும் பழைய இழைமுனையோடு புதியதை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கும் ஊரில், அந்த வேலையின் நுட்பத்தை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.